அடிமையின் விடுதலை

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. அதற்கப்பால் அதற்குத் தனிப்பெயர் இல்லை. ஆயினும் தாமிரபரணியாகவே அது புன்னைக்காயலில் கடலைக் காண்கிறது. அக்கரையில் நிற்கையில் நம் நினைவில் எழுபவர் புனித யோசேவாஸ் அடிகளார்.

கோவா மண்ணில் பிறந்த அவர், 1677 ஆகஸ்ட் 5ஆம் நாள், தம்மை மரியன்னையின் அடிமையெனச் சாசனம் எழுதிக் கொடுத்தார். தூத்துக்குடியில் பனிமய அன்னைக்கு நாம் விழா எடுக்கும் அதே நாள்! 1687இல் அந்தத் தூத்துக்குடியிலிருந்தே அவர் இலங்கைக்குக் கப்பலேறினார்.

அங்கே ஒல்லாந்தர் ஆட்சி கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்தது. இரவலர் கோலத்தில், கழுத்தில் செபமாலையோடு யாழ்ப்பாணத்தில் வீடுவீடாகச் சென்றார். அதைக் கண்டோரின் முகக்குறிப்பால், மறைந்து வாழ்ந்த விசுவாசிகளை இனங்கண்டார். அன்னைக்கு அடிமையானவர் வேறெவருக்கும் அஞ்சவில்லை. கண்டியில் சிறையுண்டும், 1711இல் இறக்கும்வரை தம் மந்தையைப் பிரியவில்லை. 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

செபமாலையை நாமும் அணிகிறோம். அதைக் கண்டு, துயருறும் ஒருவரேனும் நம்மை நம்பி நெருங்குகிறாரா? நம் பெயரை அன்னையிடம் கரைத்துவிட்டோமா, அன்றி நம் பெயரைக் காத்துக்கொள்ளவே அவரை அழைக்கிறோமா?