பெண்கள் மூன்று அணியும் உள்ளே!

ராஜபாளையம் டீக்கடையில் மெஸ்ஸியா ரொனால்டோவா என்று மல்லுக்கட்டும் தம்பிகளே, நம்ம நாட்டுக் கணக்கையும் கொஞ்சம் பாருங்க. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் சீனியர் கால்பந்து அணி தாய்லாந்தை அவங்க மண்ணிலேயே 2-1 என வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அடுத்து 20 வயதுக்குட்பட்ட பெண்கள் மியான்மரை 1-0, அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டவர்கள் உஸ்பெகிஸ்தானை 2-1. மூன்று அணியும் அவங்கவங்க ஆசியக் கோப்பைக்கு உள்ளே! அதே அக்டோபரில் ஆண்கள் சீனியர் அணி கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பைக்கு வெளியே. (அப்புறம் 17 வயதுக்குட்பட்ட பையன்கள் ஈரானை வென்று கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றினாங்க.)

நம்ம மாநிலமும் சளைச்சதில்லை: 2018-இல் பெண்கள் கால்பந்தில் தேசிய சாம்பியன் தமிழ்நாடுதான். கடலூர் இந்துமதி இந்தியாவுக்கே ஆடியவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிடுகிற அப்பாக்களே, சாயங்காலம் மகளையும் மைதானத்துக்கு அனுப்புங்க.