வீங்கிய இமைகள்



ஜொகூரில் நான் கற்பிக்கும் பள்ளியில், இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் காலையில் இமைகள் வீங்கி வருவான். “இரவெல்லாம் கைப்பேசியா?” என்று கடிந்துகொண்டேன். சில நாள்களில் காலும் வீங்கியது. அது நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்னும் சிறுநீரக நோய்.

நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்கள் தடம் மாறுவதே பெரும்பாலும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிப் புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது, சிறுநீர் நுரைக்கிறது, உடல் வீங்குகிறது. 1974-இல் ஷால்ஹூப் என்னும் மருத்துவர் டி அணுக்களைச் சந்தேகித்தார். பின்னர், பி அணுக்களை அகற்றும் ரிடுக்சிமாப் மருந்து பல பிள்ளைகளுக்கு உதவியதால் அவற்றின் பங்கும் புலனாயிற்று. வடிகட்டியிலுள்ள நெஃப்ரின் என்னும் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் நோயாளர் பலரிடம் இருப்பதை 2022, 2024 ஆய்வுகள் காட்டின.

பெரும்பாலான பிள்ளைகள் ஸ்டீராய்டு மருந்தால் தேறுகின்றனர். ஆயினும் ஒரு சளிகூட நோயை மீண்டும் எழுப்பலாம். மருந்தால் அவன் முகம் உப்பியபோது வகுப்பில் கேலி எழுந்தது. பாடத்தை நிறுத்தினேன். முதலில் பிழை செய்தவள் நானே என்று எல்லார் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

காலையில் இமை வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களே, கடிந்துகொள்ளுமுன் பிள்ளையின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.