வேஷம் போடுவதும் கட்டுவதும்

ஹைதராபாத்தின் தென்கிழக்கிலுள்ள காஞ்சன்பாக்கை அங்கே வாழ்வோர் சுருக்கப் பெயர்களாலேயே அறிவர்: டி.ஆர்.டி.எல்., டி.எம்.ஆர்.எல்., பி.டி.எல்., மிதானி. ஏவுகணைகளும் அவற்றுக்கு வேண்டிய சிறப்பு உலோகங்களும் உருவாகும் இடம். அப்துல் கலாம் 1982இல் இயக்குநராக வந்து சேர்ந்தது இங்குதான். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றில், தந்தை ஓர் ஆலையின் வெப்பப் பதனப் பிரிவில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். மகள் கல்லூரியில் இரண்டாமாண்டு. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கணி உருதுவும், அலைபேசியில் ஜப்பானிய அனிமே.

மூன்று மாதங்களாக அம்மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு கவசம் செய்துகொண்டிருந்தாள். ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ தொடரில் வரும் அல்ஃபோன்ஸ் எல்ரிக்கின் கவசம். கதை அறியாதவர்களுக்கு ஒரு வரி: இறந்த தாயை இரசவாதத்தால் மீட்க முயன்று உடலை இழந்த சிறுவன் அவன், அவனது உயிரை அண்ணன் ஓர் இரும்புக் கவசத்தோடு பிணைத்து வைக்கிறான். கவசம் நடக்கும், பேசும், சண்டையிடும். உள்ளே ஆள் கிடையாது. இந்தக் கோலத்தில் ஹைதராபாத் காமிக் கானுக்குப் போவதென்று அவள் முடிவு செய்திருந்தாள்.

காமிக் கான் இந்தியா 2011இல் டெல்லி ஹாட்டில் தொடங்கி, 2013இல் ஹைதராபாத்துக்கும் வந்தது. பெயரில் காமிக்ஸ் இருந்தாலும், புத்தகம் வாங்க வருவோரைவிட வேடமிட்டவர்களைக் காண வருவோரே மிகுதியோ என்று தோன்றும். ‘காஸ்பிளே’ என்பது 1980களில் ஜப்பானில் ஆங்கிலச் சொற்கள் இரண்டை வெட்டி ஒட்டிச் செய்த சொல். வழக்கமோ அதற்கும் மூத்தது. 1939இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்னும் இருவர் எதிர்கால மனிதர்களைப்போல் உடுத்திச் சென்றனர். இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில். நெடுங்காலம் பேசப்பட்ட பெயர் என்னவோ ஆக்கர்மனுடையது. தைத்தவரை மறப்பதில் எல்லா நாட்டாரும் ஒன்றுபோலத்தான்.

தந்தைக்கு இது அறவே பிடிக்கவில்லை. “படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்த வேஷம்?” என்பார். அச்சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தமிழில் ‘வேஷம் போடாதே’ என்றால் ‘ஏமாற்றாதே’ என்று பொருள். தெலுங்கிலும் ‘வேஷாலு வேயகு’ என்று பிள்ளைகளை அதட்டுவர். ‘கூத்தடித்தல்’ பொறுப்பற்ற செயல். ‘கூத்தாடி’ அப்பட்டமான வசை. ஒரு கலையைச் சேர்ந்த சொற்களையெல்லாம் வசைக்கென எடுத்துக்கொண்ட சமூகம், அக்கலைஞர்களை எங்கே நிறுத்தியிருந்தது என்பதற்கு அகராதியே போதுமான சாட்சி. விந்தை என்னவென்றால், அந்தத் தந்தை மகளிடம் கடுமையாகப் பேசிய நாள்களிலும் ‘கூத்து’ என்ற சொல்லை மட்டும் ஒருமுறைகூட எடுத்ததில்லை.

கவசத்துக்கான பொருள் ஈ.வி.ஏ. நுரைப்பாய்; குழந்தைகள் தவழத் தரையில் விரிப்பார்களே, அதே வகை. அளவுக்கு வெட்டி, வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு, வளைத்து, மஞ்சள் பசையால் ஒட்டி, மேலே வெள்ளிச் சாயம் அடிக்க வேண்டும். அவள் வளைத்த தோள் தகடு மறுநாள் காலையில் மீண்டும் பாயாகவே விரிந்து கிடந்தது. இரண்டு நாள் பேசாமல் பார்த்திருந்த தந்தை மூன்றாம் நாள் அருகில் வந்து அமர்ந்தார். “சூடு பண்ணிட்டு உடனே விட்டுட்டா அது பழைய ரூபத்துக்கே போகும். ஆறுற வரைக்கும் கையிலயே பிடி.” டைட்டானியத்தோடும் உருக்கோடும் ஆயுளைக் கழித்தவர், ஒரு கிலோவும் தேறாத நுரைத்தகட்டை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தார். பிடித்துக்கொண்டதைப் பிடித்தது என்று ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவே.

விழா நாளன்று உடன் வருவதாகவும் அவரே சொன்னார்; பெட்டி பெரிது, வழி நீளம் என்பது காரணம். ஹைடெக்ஸ் வளாகம் நகரின் மறுகோடி. எல்.பி. நகர் வரை ஆட்டோ, அங்கிருந்து மெட்ரோ, அமீர்பேட்டையில் வண்டி மாறி ஹைடெக் சிட்டி. ஞாயிற்றுக்கிழமையின் அமீர்பேட்டை நெரிசல் சொல்லி முடியாதது. அந்த மாற்றத்தில்தான் பெட்டி நசுங்கியிருக்க வேண்டும். விழா வளாகத்தில் உடைமாற்றும் இடத்தருகே திறந்தபோது, வலத் தோள் தகட்டைத் தாங்கும் ஒட்டுப்பட்டை அடியோடு பிய்ந்திருந்தது. பசை கையில் இல்லை. இருந்தாலும் காயும்வரை காத்திருக்க நேரமில்லை. மூன்று மாத வேலை. அவள் அழவில்லை, கவசத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

தந்தை தோளில் கிடந்த துண்டை எடுத்து நெடுக்காக இரண்டாகக் கிழித்தார். அவளை எழுந்து நிற்கச் சொன்னார். தோள் தகட்டின் அடியில் துணியைக் கொடுத்து, மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, அக்குளின் கீழ் சுற்றி, முதுகில் பின்னல்போல் மாற்றிப் போட்டு இறுக்கினார். யோசித்துச் செய்த வேலையாக அது தெரியவில்லை. “மூச்சை இழு… விடு… இப்ப கையைத் தூக்கு.” தகடு அசையவில்லை.

“இது எங்கப்பா கத்துக்கிட்டீங்க?”

முடிச்சை முடித்த பிறகே சொன்னார். “உங்க தாத்தாவுக்குக் கட்டியிருக்கேன்.”

தாத்தா கூலி வேலை செய்தவர் என்று மட்டுமே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கூலி வேலையும் செய்தார். பாரதக் கூத்துக் காலங்களில் கர்ணன் வேஷமும் கட்டினார். காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் அதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எனக் கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த அணிகளே ‘கட்டை’. நடிப்பாலோ பாட்டாலோ அன்றி, உடலில் ஏற்றிக் கட்டும் பொருளால் பெயர் பெற்ற கலை. அங்கே யாரும் வேஷம் ‘போடுவதில்லை’, ‘கட்டுவார்கள்’. பார்ப்பவன் வினை ஒன்று, செய்பவன் வினை வேறு. இரவெல்லாம் ஆடும்போது நெகிழாதபடி பின்னாலிருந்து முடிச்சிடுவது பத்து வயதுப் பையனின் வேலையாக இருந்தது. விடிந்ததும் அதே பையன் தூக்கக் கண்ணோடு பள்ளிக்குப் போவான். அங்கே அவனுக்கு வகுப்பேட்டில் இல்லாத ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எட்டாத ஊராகப் பார்த்துத்தான் அவர் வேலைக்கு வந்தார்.

மரபில் கட்டை கட்டுவது ஆண்களே. 1990இல் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கத்தின் வழியே பெண்களும் பயின்று மேடையேறியுள்ளனர். தந்தை இதைச் செய்தித்தாளில் என்றோ படித்திருந்தார், வீட்டில் சொன்னதில்லை.

நுழைவாயிலில் ஆயுதச் சோதனை. உண்மையான உலோகம் ஏதும் உண்டா என்று ஒரு பணியாளர் மார்புத் தகட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்து அனுப்பினார். உள்ளே குளிர்சாதனத்தையும் மீறிய வெக்கை. கவசத்துக்குள் அது எவ்வளவு இருந்திருக்கும் என்று தந்தைக்குத் தெரியும். அரைமணிக்கொரு முறை தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுத்தார். ஒரு சிறுவன் அண்ணாந்து பார்த்து, உள்ளே யார் என்று தெலுங்கில் கேட்டான். அவள் பாத்திரத்துக்குரிய மெல்லிய குரலில், “லோபல எவரூ லேரு” என்றாள். யாருமில்லை. சிறுவன் ஓடிப்போய்த் தாயின் பின்னால் நின்றுகொண்டான். தந்தை அப்போது சிரித்தார். பட்டைகளின் பின்னலை இன்னொரு வேடக்காரர் படமெடுத்துக்கொண்டு, யார் செய்தது என்று விசாரித்தார். அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

இரவு வீடு திரும்ப மணி பத்தாயிற்று. முடிச்சுகள் வியர்வையில் இறுகிப்போயிருந்தன; அவிழ்க்கக் கால்மணி நேரம் பிடித்தது. அதன்பின் அவர் ஊரிலுள்ள அண்ணனை அழைத்தார். கிரீடம் செல்லரித்துப் போயிற்றாம். மார்ப்பதக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. புஜக்கட்டை ஒன்று மட்டும் பரணில் கிடக்கிறது, ஜோடி இல்லாமல்.

“இருக்கிறதை எடுத்து அளவு சொல்லு. நீளம், அகலம், வளைவு எவ்வளவு ஆழம்னும் பாரு” என்றார். மகளைப் பார்த்துப் பேனா எடுக்கச் சொன்னார். மிஞ்சிய நுரைப்பாயின் பின்புறத்தில் அவள் எண்களைக் குறித்துக்கொண்டாள்.