நன்னி கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், அரியலூரை அடுத்த எம் சிற்றூரில் நடைபெற்ற இலவசக் கண் சிகிச்சை முகாமிற்கு முதியோரை அழைத்து வரும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்றோம். பலரும் இசைந்தனர், எம் நன்னி மட்டும் இசையவில்லை. இரு கண்களிலும் புரை முற்றிச் சுவரைத் தடவியே நடமாடியவர் அவர்.

"பெரம்பலூர்ல கண்ணு போனவங்கள மறந்துட்டியாப்பா?" என்றார்.

யாம் மறக்கவில்லை. 2008 ஜூலைத் திங்களில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கடுவனூரில் நடந்த முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் பெரம்பலூருக்கு அழைத்து வரப்பட்டுக் கண்புரை அறுவை செய்யப்பெற்றனர். தொற்று பரவி 66 பேர் பார்வை இழந்தனர். ஒளி தேடி வந்த ஏழை மக்கள் அவர்கள்.

"அப்படி ஒன்றும் ஆகாது, நன்னி" என்றோம்.

"யாரு சொன்னா?" என்றார். எம்மிடம் விடையில்லை.

விடை தேடிக் கண் மருத்துவர் ஒருவரை அணுகினோம். ஒரே நாளில் பலருக்கு அறுவை செய்வது தன்னளவில் குற்றமன்று என்று அவர் விளக்கினார். 1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை அதற்குச் சான்று. அறுவையின் முடிவில் கண்ணுக்குள்ளேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தும் முறையை அங்கு 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்களில் ஆராய்ந்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். பத்தாயிரம் கண்களுக்கு ஏறத்தாழ 7 ஆக இருந்த கடுந்தொற்று 2 ஆகக் குறைந்திருந்தது. ஒவ்வொரு தொற்றையும் மறைக்காது எண்ணி வைத்ததனாலன்றோ அக்குறைவு புலப்பட்டது! ஆனால் கருவியோ கரைசலோ தூய்மை கெடுமாயின், ஒரு பிழை அன்று படுத்த அனைவரையும் தாக்கும்.

நன்னியிடம் திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி உரைத்தோம். ஆபத்து மிகச் சிறிது. ஆயினும் இல்லை என்பதற்கில்லை. வலியோ சிவப்போ பார்வை மங்கலோ தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "இப்பத்தான் நீ உண்மையச் சொல்ற" என்று இசைந்தார்.

மூன்றாம் நாள் இரவு அவர் கண் சிவந்து வலித்தது. விடியட்டும் என்று காத்திராமல் கார் பிடித்து ஓடினோம். தொற்றன்று, அழற்சியே என்றறிந்து மருந்திட்டனர். ஒரு வாரத்தில் தணிந்தது. இன்று நன்னி அரிசியில் கல் பொறுக்குகிறார்.

அன்பார்ந்த மாணவர்களே, பெரியோர்களே! முகாம் நிறைவுற்றதும் எத்தனை பேருக்கு அறுவை நடந்தது என்று மேடையில் பெருமையுடன் அறிவிக்கிறோம். அவர்களுள் எத்தனை பேருக்குப் பார்வை திரும்பிற்று, எவருக்குத் துன்பம் நேர்ந்தது என்பதை ஒரு மாதம் கழித்து வீடு தேடிச் சென்று பதிவேட்டில் எழுதுகிறோமா? ஆயிரத்தில் ஒருவர் என்பது நமக்குச் சிறிய எண். அந்த ஒருவருக்கோ அதுவே முழு உலகம். அவரையும் எண்ணுவதே தொண்டு.