தழைத்தலின் அளவு

உடலின் சூட்டை வெப்பமானி காட்டிவிடுகிறது. உள்ளத்தின் நலத்தை அறிய நமக்கு வாய்த்திருப்பது பெரும்பாலும் வினாத்தாள்தான். கேட்கப்படும் வினாவுக்கேற்பவே மனிதரும் தோற்றம் கொள்கிறார் என்பதை எண்ணும்போது சற்றே அச்சமாகவும் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 1998இல் வெளியிட்ட உளநலப் பட்டியலில் ஐந்தே கூற்றுகள். கடந்த இரு வாரங்களில் மகிழ்வோடும் அமைதியோடும் சுறுசுறுப்போடும் இருந்தோமா, களைப்பு நீங்கி விழித்தெழுந்தோமா, அன்றாட வாழ்வில் ஆர்வமூட்டுபவை நிறைந்திருந்தனவா என அது வினவுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று கிடைத்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் கேரல் ரிஃப் 1989இல் வேறு வழியில் சென்றார். மகிழ்ச்சியையும் மனநிறைவையும் மட்டும் கேட்பது போதாது என்று கருதிய அவர் ஆறு கூறுகளை வகுத்தார்: தன்னை ஏற்றல், பிறரோடு நல்லுறவு, சுயமாக முடிவெடுத்தல், சூழலைக் கையாளும் திறன், வாழ்வின் நோக்கம், ஆளுமை வளர்ச்சி. இவ்வழியின் வேர்களுள் ஒன்று அரிஸ்டாட்டிலிடம் இருக்கிறது. நல்வாழ்வு என்பது வந்துபோகும் இன்பமன்று, ஆயுள் முழுதும் அறத்தோடு இயங்குவது என்பது அவர் கொள்கை.

இவ்விரண்டையும் நம் வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். இரவெல்லாம் விசைத்தறியில் நின்றுவிட்டுக் காலையில் யாப்பிலக்கணம் கேட்க வந்து அமரும் மாணவரை நம்மில் பலர் அறிவோம். தங்கையின் படிப்புச் செலவு அவர் கையில். முதற்பட்டியலில் அவர் தேறுவது கடினம். களைப்பு நீங்கி எழுவதற்கு முதலில் உறங்க வேண்டுமே! இரண்டாவதிலோ நோக்கத்திலும் உறவிலும் உயர்ந்து நிற்பார்.

இரண்டும் அவரைப் பற்றிய உண்மைகளே. ஆயினும் ஆசிரியர்களாகிய நமக்கு இரண்டாம் சித்திரத்தின்மீதே ஆசை மிகுதி. ‘எவ்வளவு பொறுப்பான பிள்ளை’ என்று விழா மேடையில் பாராட்டுவது எளிது. அப்பாராட்டு அவர் இழந்த உறக்கத்தை மறைக்கும் திரையாகிவிடலாகாது. அன்பும் நோக்கமும் உடையவர் என்பதற்காக ஒருவரைக் களைத்தே கிடக்க விடுவது என்ன நியாயம்? உறக்கத்தைப் பற்றி நேராகக் கேட்கும் அந்த எளிய வினாவுக்கு நாம் மதிப்பளிக்க வேண்டியது இங்கேதான்.

முதற்பட்டியலில் எண் 50க்குக் கீழிறங்கினால் மேலும் விசாரித்தறிவது வழக்கம். அது தீர்ப்பு அன்று. தழைத்தல் என்னும் சொல்லைப் பயிருக்கும் குடிக்கும் சேர்த்தே நாம் வழங்குகிறோம். வாடிய பயிரைக் கண்ட உழவர் முதலில் நீரையும் மண்ணையும்தான் பார்ப்பார். எண் குறைந்த மாணவரிடம் ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்பதற்கு முன், எத்தனை மணி நேரம் உறங்கினார், கல்வி உதவித்தொகை வந்து சேர்ந்ததா என்று கேட்பதே அவ்வுழவரின் வழி.