செவலையின் தண்ணீர்க் கணக்கு

மார்கழி கடைசி நாள், போகி

விடியும் முன்பே ஆம்பூர் பஜாரில் காப்புக்கட்டு வியாபாரம் சூடுபிடித்துவிட்டது. வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றும் சேர்ந்த கட்டு. வீட்டு வாசலுக்கு ஒன்று வாங்கிய ஓய்வுபெற்ற டேனரித் தொழிலாளி, சிறுபீளை மட்டும் தனியாக ஒரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டார். அது செவலைக்கு.

செவலை 13 வயதுப் பூனை. தோல் குடோனில் எலிக்காக வளர்த்த தாய்க்குப் பிறந்தது. ஒரு மாதமாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகர்வதில்லை. மணல் தட்டு அடிக்கடி நனைகிறது. தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. முந்தின நாள் வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 3.4. கால்நடைச் சிறுநீரக மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான ஐரிஸ் வகுத்த அளவுகோலில், பூனைக்கு 2.9 முதல் 5 வரை சிறுநீரக நோயின் மூன்றாம் நிலை.

சிறுபீளை நீரைப் பிரிக்கும், கல்லைக் கரைக்கும் என்பது அவர் அம்மா சொல்லி அறிந்தது. அடுப்பில் கஷாயம் கொதித்தது. "டாக்டரக் கேக்காம ஊத்தாதீங்கப்பா" என்று மகள் தடுத்தாள். பாத்திரம் இறங்கியது.

தை 4

பண்டிகை விடுமுறை முடிந்து மறுபடியும் வேலூர். சிறுநீரகம் என்றாலே தமிழ்நாட்டுக்கு இந்த ஊர்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் முதன்முதலில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. செவலைக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காது. இருப்பதைக் காப்பதுதான் வழி.

கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனிதச் சிறுநீரகம் ஒன்றில் ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்கள் என்றால், பூனைக்குச் சுமார் இரண்டு லட்சம். அவற்றில் முக்கால்வாசி செயலிழந்த பிறகே கிரியாட்டினின் ஏறுகிறது. எஞ்சியவற்றால் சிறுநீரை இறுக்க முடியாது. குடித்ததெல்லாம் தண்ணீராகவே வெளியேறுகிறது. அந்த நிலையில் நீர் பிரிக்கும் மூலிகையைக் கொடுத்தால் உடம்பு இன்னும் வற்றும். கல்லுக்கு உதவுவதாக நம்பிக் கொடுக்கும் மூலிகை, தேய்ந்துபோன சிறுநீரகத்துக்குச் சுமையாகிவிடும்.

வீடு திரும்பியதும் அவர் பழைய டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். தேதி, எடை, தண்ணீர். முதல் பதிவு: 2.9 கிலோ, 240 மி.லி. பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 50 மி.லி.க்குள் இருந்தால் இயல்பு.

தை 9

தெருவில் ஆளுக்கொரு யோசனை. எதிர்வீட்டு அக்கா மூக்கிரட்டை வேர் கொண்டுவந்தார். நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு மூக்கிரட்டையைக் கொடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. ஆனால் நாய்க்குப் பொருந்துவது பூனைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ரேவல்சின்னி இனத்தைச் சேர்ந்த சீன ருபார்ப் கிழங்கின் சாற்றைப் பூனைகளுக்கே கொடுத்துச் சோதித்தார்கள். 2014-ல் வெளிவந்த முடிவு: நோயின் போக்கில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

பூனை இப்படி வேறுபடுவதற்குக் காரணம் ஈரலிலும் இருக்கிறது. பல மருந்துகளையும் செடிச் சத்துகளையும் கரைத்து வெளியேற்ற நமக்கு உதவும் ஒரு நொதி, பூனை இனத்தில் செயலற்றுக் கிடக்கிறது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையின் உயிரைப் பறிக்கும். கிராம்பு எண்ணெய், துளசி எண்ணெய் போன்றவையும் ஆபத்து. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், ஆம்பூரில் பிரியாணி மிச்சத்தைப் பூனைக்கு வைக்கும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும். பூங்கொத்தில் வரும் லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் ஓரிரு நாளில் நின்றுபோகும்.

தை 15

இலை, பட்டை என்றால் மென்மையானது என்ற எண்ணம் அவருக்கு வந்திருக்கக் கூடாதுதான். இளவயதில் அவர் நின்றது ஆவாரம்பட்டைத் தொட்டியில். அந்தப் பட்டைச் சாறும் கடுக்காயும்தான் பச்சைத் தோலைப் பதப்படுத்தின. டானின் புரதத்தோடு பிணைந்து, அழுகும் தோலை ஆண்டுக்கணக்கில் கெடாத லெதராக மாற்றும். "அத்தனை வேகம் உள்ள சரக்கு, வயசான உயிருக்குள்ள போனா என்ன பண்ணும்னு நான் யோசிக்கலியே" என்றார் மகளிடம்.

சரி, இயற்கையாக உதவுவது எது? முதலில் தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை பாலைநிலக் காட்டுப்பூனை. இரையின் ஈரத்திலேயே காலம் தள்ளியது. அதனால் தாகம் குறைவு, ஈரமான உணவே பொருத்தம். காய்ந்த பிஸ்கட் தீனியின் இடத்தில் பாஸ்பரஸ் குறைத்த சிறுநீரக உணவு, வெதுவெதுப்பான நீர் கலந்து. பூனைகளின் ஆயுளை நீட்டுவதாக ஆய்வுகள் காட்டியிருப்பது இந்த உணவு மாற்றம். கருவாடும் எலும்புச் சாறும் நிறுத்தம். மலச்சிக்கலுக்கு மருத்துவர் அனுமதித்த ஒரே செடிப்பொருள் இசப்கோல், ஒரு சிட்டிகை, நிறைய ஈரத்தோடு. பட்டினி மட்டும் கூடாது. சில நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு படியும்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் எதையும் பேச முடியாது. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதை எதிர்த்து நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தெருவில் இன்னமும் கேன் தண்ணீர்தான். போர் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பும் செவலைக்கும் அதே கேனிலிருந்து, வீட்டில் மூன்று இடங்களில், அகலமான பீங்கான் கிண்ணங்களில்.

தை 22

செவலை சுணங்கிக் கிடந்தது. அவர் பிடரித் தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கி விட்டார். ஆட்டுத்தோலின் தரத்தைத் தொட்டே சொன்ன விரல்கள். தூக்கிய தோல் உடனே இறங்கவில்லை. மடிப்பாகவே சற்று நின்றது. உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம்.

மருத்துவர் தோலுக்கடியில் 100 மி.லி. ரிங்கர் லாக்டேட் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். பாட்டிலை வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அடியில் ஊசி. மகள் மடியில் பிடித்துக்கொண்டாள். மருந்து இறங்க இறங்க முதுகில் எலுமிச்சை அளவில் ஒரு வீக்கம் எழுந்து, மெல்லச் சரிந்து தோளோரம் தொங்கியது. ராத்திரிக்குள் வடிந்துவிட்டது. செவலை எழுந்து வந்து சாப்பிட்டது.

தை 29

எடை 3 கிலோ. நோய் போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் செவலை மறுபடியும் ஜன்னல் திட்டில் ஏறுகிறது.

கொல்லையில் களை பிடுங்கியபோது குப்பைமேனி ஒன்று வேரோடு வந்தது. அதற்குப் பூனைவணங்கி என்றொரு பெயரும் உண்டு. அந்த வேரின் வாசம் பூனைகளைக் கட்டி இழுக்கும். செவலை ஓடிவந்து வேரில் கன்னத்தைத் தேய்த்து, மல்லாந்து புரண்டது. கடிக்கும் முன் அவர் செடியை எடுத்துச் சுவருக்கு அப்பால் போட்டார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்த செவலை, பிறகு கிணற்றடிக் கிண்ணத்துக்குப் போய்க் குனிந்தது.

அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மிச்சத்தை அளந்து, டைரியில் எழுதினார்: காலை, 60 மி.லி.