அணைத்த பிறகும் சுடும் அடுப்பு

உளுந்தூர்ப்பேட்டையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறது. அதை மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது செய்தியாகிறது. அப்படி நடந்தால் பக்கத்துக் களமருதூர்ப் பிள்ளைகளும் விமானிப் பயிற்சியை அருகிலேயே எதிர்பார்ப்பார்கள். அந்தப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியோடுதான் சிமுலேட்டரில் நடக்கும் வேலையைக் கவனித்தேன். இரட்டை எஞ்சின் பாடத்தில் ஓர் எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதிலேயே பெரும்பொழுது போகிறது. அது நியாயம்தான். ஆனால் கேபின் ஹீட்டர் சுவிட்சையும் பாடமாக நடத்த வேண்டும் என்பது என் வாதம்.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் புகைக்குழாயின் சூடே கேபினுக்கு வரும். இரட்டை எஞ்சினில் எஞ்சின்கள் இறக்கையில் இருப்பதால், பல விமானங்களில் மூக்கிலோ வாலருகிலோ தனி ஹீட்டர் வைத்திருப்பார்கள். அது டாங்கிலிருந்து பெட்ரோலை எடுத்து எரிக்கும் அடுப்பு. வெல்லம் காய்ச்சுபவர்களுக்குத் தெரியும், அடுப்பில் தீயை இழுத்த பிறகும் கொப்பரை கொதிக்கும். இதுவும் அப்படித்தான். பைப்பர் செனெக்கா போன்றவற்றில் தரையிறங்கியதும் ஹீட்டரை நிறுத்தி, விசிறியை மட்டும் 2 நிமிடம் ஓடவிட வேண்டும். அளவுமீறிச் சூடானால் பாதுகாப்பு சுவிட்ச் தானாகத் துண்டித்துவிடும். தரையில் மெக்கானிக் காரணம் கண்டுபிடித்த பிறகுதான் அதை மீட்டமைக்கலாம். எரிகுழாயில் விரிசல் விட்டால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும்.

நம் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று கேட்கலாம். கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. தரையில் 35 டிகிரி என்றால் 3 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 15 டிகிரிதான். வேலை கிடைப்பதும் ஊரிலேயே அல்ல. டெல்லியின் குளிர்காலமும் லடாக்கும் காத்திருக்கின்றன. சிமுலேட்டரில் குளிரும் இல்லை, சூடும் இல்லையே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால் அங்கே கற்க வேண்டியது சூட்டை அல்ல, வரிசையை: காற்றுவழி திற, பற்றவை, நிறுத்து, ஆறவிடு, துண்டித்தால் தொடாதே. 1985 டிசம்பர் 31 அன்று டெக்சாஸில் டிசி-3 விமானம் தீப்பிடித்துப் பாடகர் ரிக்கி நெல்சன் உட்பட 7 பேர் இறந்தார்கள். தீயின் காரணம் உறுதியாகவில்லை. ஆனால் பயணத்தின்போது சரியாக எரியாத ஹீட்டரைத் திரும்பத் திரும்ப இயக்கத் தலைமை விமானி சொன்னார் என்று உயிர்தப்பிய துணை விமானி கூறினார். தொந்தரவு செய்யும் கருவியை விட்டுவிடும் துணிவு பழக்கத்தால்தான் வரும்.

இதில் மறைந்திருக்கும் தொழிலாளி மெக்கானிக். எரிகுழாயில் காற்றழுத்தம் ஏற்றி விரிசல் பார்ப்பது அவர் கைவேலை. விமானி கவனிக்காமல் விட்டால் அந்த உழைப்பு வீண். 200 மணி நேரப் பறத்தலைக் கணக்கு காட்டிப் பெற்றோரிடம் லட்சங்கள் பேசும் தரகர்களுக்கு இந்தச் சுவிட்ச் கண்ணில் படாது. மணிக்கணக்கு உரிமத்தைத் தரலாம். உயிரைக் காப்பது ஒழுங்கு. பிள்ளையைச் சேர்க்கும் முன், ஹீட்டரை எப்படி ஆறவிடச் சொல்லித்தருகிறீர்கள் என்று பெற்றோர் கேட்கட்டும்.